நாலு கை வேலை

28.10.2025, செவ்வாய்

இந்தக் கட்டிலில் இரவில் படுப்பவருக்கு,

வணக்கம். நாம் பார்த்துக்கொண்டதில்லை. சாயங்காலம் நான் நைட் ஷிப்ட் பேருந்தில் ஏறிப் போன பிறகுதான் உங்கள் பேருந்து வருகிறது. காலையில் நான் திரும்புவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். இந்த ஹாஸ்டலில் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, அதில் ஒரே ஒரு கட்டில், அதற்கு நாம் இரண்டு பேர். தலையணையில் இருக்கும் தேங்காய் எண்ணெய் வாசனையைத் தவிர உங்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அதைப் பற்றி நான் புகார் சொன்னதில்லை.

இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டிலுக்கு அடியில், துணி துவைக்கும் வாளிக்குள், ஒரு கோழிக்குஞ்சு இருக்கிறது. இரவு முழுக்கக் கம்பெனி லைனில் உட்கார்ந்துவிட்டு வந்து கண்ணை மூடினால் அது கத்துகிறது. நிறுத்துகிறது. சரி, தூங்கலாம் என்று நினைத்தால் மறுபடியும் கத்துகிறது.

எடுத்துப் பார்த்தேன். இறக்கை பாதி முளைத்த குஞ்சு. தலையில் கொத்துப்பட்ட காயம். ஒரு கண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகக் கழிகிறது. பிழைக்கும் என்று தோன்றவில்லை. இன்று இரவே எடுத்துப் போய்விடுங்கள். வார்டன் ராஜாமணியிடம் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அவராகக் கண்டுபிடித்தால், இது என்னுடையது இல்லை என்றுதான் சொல்வேன்.

கலைமதி

தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்து நனைந்து கிடந்தது. துடைத்து என் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். துண்டு எனக்குத் திரும்ப வேண்டும்.

28.10.2025, இரவு

அன்புள்ள கலைமதி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம்தானே? கதவுக்குப் பின்னால் தொங்கும் உங்கள் சேலையைப் பார்த்து, வயதில் மூத்தவராக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் பெயர் தென்றல். சங்கரன்கோவில் பக்கம். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழையில் சமையல்கட்டுக்குப் பின்னால் தட்டு கழுவப் போனேன். சமையல் செய்யும் சின்னப்பொண்ணு அக்கா அங்கே கோழி வளர்க்கிறார், பார்த்திருப்பீர்கள். இந்த ஒன்றை மட்டும் மற்றவை எல்லாம் சுற்றி நின்று கொத்திக்கொண்டிருந்தன. இது ஓடக்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றது. கையில் எடுத்தேன். சின்னப்பொண்ணு அக்கா பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா பண்ற? அது தேறாது. தூக்கி அந்தாண்ட போடு” என்றார். “நான் வச்சிக்கிடட்டுமா?” என்று கேட்டேன். “சாவப்போறத்த வச்சிகினு இன்னா பண்ணுவ? எட்த்துகினு போ” என்று சிரித்தார்.

அந்தாண்ட என்றால் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே கண்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில் நாய்கள் இருக்கின்றன.

போன் நம்பர் கொடுத்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைக்கலாம். என் போனில் வருவதெல்லாம் அண்ணன் தளவாயின் போனிலும் தெரியும்படி அவன் செய்து வைத்திருக்கிறான். அந்த நிபந்தனையில்தான் என்னை அனுப்பினான். ஹாஸ்டல், பேருந்து, லைன், மறுபடி ஹாஸ்டல். நடுவில் ஏதாவது பேச்சு வந்தது என்று வார்டன் போன் செய்தால், அடுத்த பஸ் பிடித்து வந்து கூட்டிப்போய்விடுவான். அதனால் தாளிலேயே எழுதுகிறேன்.

இரண்டு நாள் மட்டும் விடுங்கள் அக்கா. துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். மழையில் காயவில்லை.

தென்றல்

29.10.2025, புதன்

தென்றல்,

துண்டு இன்னும் ஈரமாக இருக்கிறது. குஞ்சும் இருக்கிறது.

நீ அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் ‘நீ’ என்று எழுதுகிறேன். எங்கள் ஊர் வாலாஜாபாத்துக்குப் பக்கம். அம்மா வீட்டில் கோழிகள் உண்டு. அதனால் சொல்கிறேன், நீ செய்வது தவறு. வாய்க்குள் தண்ணீரை ஊற்றாதே. மூச்சுக்குழலில் இறங்கிவிடும். விரலை நனைத்து அலகின் ஓரத்தில் வை, அதுவே இழுத்துக்கொள்ளும். சோற்றுப் பருக்கை இப்போது வேண்டாம். கஞ்சித் தண்ணீரில் மஞ்சள் ஒரு சிட்டிகை போட்டுக் கொடு. கண்ணை வெந்நீர்ப் பஞ்சால் துடைத்தேன், திறந்துவிட்டது. முதலில் அதற்கு வேண்டியது சூடு. என் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் பிடித்துத் துணி சுற்றி வாளிக்குள் வைத்திருக்கிறேன். ஆறினால் மாற்று.

உனக்கு அண்ணன். எனக்கு மகன். நிலவன், இரண்டாம் வகுப்பு. போன மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்ததில் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இன்னொரு நாள் போகாவிட்டால் கேட் பாஸை வாங்கிக்கொள்வோம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். அதனால் நானும் எதிலும் மாட்டக் கூடாது.

நான் லைனில் லென்ஸ் விளக்குக்குக் கீழே சர்க்யூட் பலகைகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கிறவள். நல்லதை ஒரு தட்டில் வைப்பேன், ரிஜெக்டை இன்னொன்றில். இதைப் பார்த்தால் எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வெந்நீர் வைத்தாயிற்று.

கலைமதி

30.10.2025, வியாழன் இரவு

அன்புள்ள அக்கா,

நல்ல செய்தி! நின்றுவிட்டது. இரண்டு காலில் நின்று என்னைப் பார்த்துக் கத்தியது.

நீங்கள் மூன்றாவது தட்டை மறந்துவிட்டீர்கள். எங்கள் லைனில் ரிஜெக்டுக்கு முன்னால், சரிசெய்து மறுபடி எடுத்துக்கொள்வதற்கு, ரீவொர்க் என்று ஒரு தட்டு இருக்கிறது. இதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டேன். ரீவொர்க் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. மற்ற பெயர் சொன்னாலும் பார்க்கிறது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. வாளியில் காற்று வருகிறது, பாட்டில் சீக்கிரம் ஆறிவிடுகிறது. வார்டன் அறைக்குப் புது ஃபிரிட்ஜ் வந்ததே, அதைச் சுற்றி வந்த தெர்மோகோல் வெளியே கிடந்தது. துண்டுகளை டேப் போட்டு ஒட்டிப் பெட்டி செய்துவிட்டேன். பேனாவால் காற்றுக்கு ஓட்டை. சூடு வெளியே போகாது, சத்தமும் வெளியே போகாது. கம்பெனியில் பேக்கிங் லைனில் சும்மாவா உட்கார்ந்திருக்கிறேன்?

பெட்டிக்குள் போட்டதும் அதற்குப் பசி வந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றிச் சுவரைக் கொத்திக்கொண்டே இருக்கிறது. தின்ன ஏதாவது கொடு என்று கேட்கிறது போலிருக்கிறது. நாளைக்குப் பருக்கை கொடுக்கலாமா?

தென்றல்

31.10.2025, வெள்ளி

தென்றல்,

பருக்கை கொடுக்கலாம், குழைந்ததாகக் கொடு.

பெட்டி நன்றாக இருக்கிறது. இன்று பகலில் அது கத்தவில்லை. உள்ளே டொக் டொக் என்று கொத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டேன். இந்த அறையில் நான் இவ்வளவு நேரம் தூங்கியதில்லை. எழுந்ததும் வெளியே விட்டேன். கட்டிலில் ஏறி என் வயிற்றின் மேல் உட்கார்ந்து இறகு கோதியது. போர்வையில் அசிங்கமும் செய்தது. போர்வை மாற்றியிருக்கிறேன். பழையது உன் முறை.

நாளைக் காலை ஷிப்ட் முடிந்து அப்படியே ஊருக்குப் போகிறேன். திங்கட்கிழமை ஊரிலிருந்து நேராக வேலைக்கு வந்துவிடுவேன். செவ்வாய் காலைதான் இங்கே. நேற்று நிலவனிடம் போனில் சொன்னேன். “எனக்கா அம்மா?” என்று கேட்டான். யாருக்கு என்று நாம் இன்னும் பேசவில்லை.

கலைமதி

3.11.2025, திங்கள் இரவு

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை நன்றாக இருந்தது. நேற்று தண்ணீர் மட்டும் குடித்தது. இன்று வேலையிலிருந்து வந்து பார்த்தால் ஒரு மூலையில் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மார்புக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. வாயில் கெட்ட வாடை.

துண்டுக்குள் மறைத்துச் சமையல்கட்டுக்கு எடுத்துப் போனேன். சின்னப்பொண்ணு அக்கா தொட்டதும் சொல்லிவிட்டார். “தீனிப்பை அடைச்சிகினு கீது பாப்பா. இன்னாத்த துன்னுச்சோ. வெளக்கெண்ண ரெண்டு சொட்டு வுட்டு மெதுவா தடவு. எறங்கலன்னா அறுத்து எட்த்துட்டு தெச்சிடணும். முட்டி நிக்கறத்த எத்தினியோ அறுத்துகீறேன், பொழச்சிகீது.”

“நீங்களே செஞ்சிருங்க அக்கா” என்றேன். “எனக்குக் கண்ணு பூசுது. ஊசி கோக்கவே உன்னத்தான் கூப்புடறேன். ஒருத்தி புடிச்சிக்கணும், ஒருத்தி அறுக்கணும். ஒத்தையா செஞ்ச, அத்தையும் அறுப்ப, உன் கையையும் அறுப்ப.” எப்படி அறுப்பது, எப்படித் தைப்பது என்றும் சொன்னார். பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இந்த வாரம் அவருக்கு இன்றுதான் கடைசி நாள். வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து ஹாஸ்டல் ஆடிட்டுக்கு வருகிறார்களாம். கோழிகளை எல்லாம் தண்டலத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆடிட் முடியும்வரை சாப்பாடு வெளியிலிருந்து வரும். வெள்ளிக்கிழமை எல்லா அறையிலும் கட்டிலை நகர்த்திப் பார்ப்பார்கள் என்று வார்டன் சொன்னார்.

மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவுட் பாஸ் கேட்கலாம் என்று நினைத்தேன். வார நாளில் அவுட் பாஸ் என்றால் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். அண்ணனிடம் என்ன சொல்வது?

எண்ணெய் விட்டுத் தடவினேன். இறங்கவில்லை.

தென்றல்

4.11.2025, செவ்வாய்

தென்றல்,

பெட்டியைத் திருப்பிப் பார்த்தாயா? உன் பேனா ஓட்டைகளில் இப்போது என் கட்டைவிரல் போகிறது. உள்சுவர் ஒரு பக்கம் முழுக்க அரித்திருக்கிறது. கீழே தூள் இல்லை. எங்கே போயிற்று? எச்சத்தில் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக, ஜவ்வரிசி மாதிரி, தெர்மோகோல் மணிகள்.

கோழிக்குத் தெர்மோகோல் என்றால் தானியம் மாதிரி. கொத்தக் கொத்த வரும், விழுங்க விழுங்க இறங்கும், பைக்குள் போய் நின்றுவிடும். நோயிலிருந்து எழுந்த குஞ்சை நாம் தெர்மோகோலுக்குள் அடைத்து மூடி வைத்திருக்கிறோம். நாம் என்று ஒரு மரியாதைக்கு எழுதினேன். சுவரைக் கொத்துகிறது என்று நீயே கண்ணால் பார்த்து, நீயே கையால் எழுதியிருக்கிறாய். பசி என்று எழுதியிருக்கிறாய்! பார்க்கத் தெரியாதவர்கள் எதையும் வளர்க்கக் கூடாது.

பெட்டியை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். குஞ்சு வாளியில் இருக்கிறது. மூச்சு வாங்குகிறது.

கலைமதி

4.11.2025, இரவு

கலைமதி அக்காவுக்கு,

நான் எழுதியதை நீங்கள் படித்தீர்கள். படித்துவிட்டுப் பெட்டி நன்றாக இருக்கிறது என்று எழுதினீர்கள். டொக் டொக் சத்தத்தில் நன்றாகத் தூங்கினேன் என்றும் எழுதினீர்கள். தாள் என்னிடம் இருக்கிறது. அதை ஒரு பகல் முழுக்கக் கேட்டது நீங்கள். அப்போது நான் பார்த்திருந்தது ஒரு ராத்திரி. பார்க்கத் தெரிந்தவர் காதால் கேட்கவும் வேண்டும்.

இதற்கு மேல் எழுதினால் மரியாதை குறைந்துவிடும்.

தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். கையில் கல் மாதிரி இருக்கிறது. வெளியே மழை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிடப் போகிறார்கள் என்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதைச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். மாடிப்படிவரை எடுத்துப் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

தென்றல்

5.11.2025, புதன்

தென்றல்,

நீ எழுதியது சரி. நானும் கேட்டேன்.

இன்று நானே செய்துவிடலாம் என்று பார்த்தேன். புது பிளேடை வெந்நீரில் போட்டேன். ஊசியில் கோக்க நூல் இல்லை. கொடியில் கிடந்த உன் பச்சை ஷாலின் ஓரத்திலிருந்து உருவினேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். மார்பில் நாலு இறகைப் பிடுங்கிக் குஞ்சைத் துண்டில் சுற்றி, முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். பிளேடை வைத்ததும் உதறியது. இறுக்கினால் மூச்சு நிற்கிறது. தளர்த்தினால் பிளேடுக்கு மேலேயே வந்து விழுகிறது. மூன்று முறை முயன்றேன். இடது கை ஆட்காட்டி விரலில் வெட்டுதான் மிச்சம். சின்னப்பொண்ணு சொன்னது சரி, இது நாலு கை வேலை.

நம்மிடம் நாலு கை இருக்கிறது. ஒரே நேரத்தில் இல்லை.

நீ ஒரு நாள் பேருந்துக்குப் போகாவிட்டால் வார்டன் உன் அண்ணனுக்குப் போன் செய்வார். நான் ஒரு இரவு போகாவிட்டால் எனக்கு வேலை இல்லை, நிலவனுக்கு அடுத்த மாதம் என்ன என்று தெரியாது. நீயும் தங்க முடியாது, நானும் தங்க முடியாது. ஞாயிறுவரை இது தாங்காது. இதை எழுதிக்கொண்டே அதைப் பார்க்கிறேன், கழுத்து சாய்கிறது.

ஆகவே ஒன்றும் செய்ய வேண்டாம். இன்றிரவு பக்கத்தில் வைத்துப் படுத்துக்கொள். பிளேடு, ஊசி, நூல், மஞ்சள் எல்லாம் ஜன்னல் மேல் டப்பாவில் இருக்கின்றன. காலையில் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிடுகிறேன்.

கலைமதி

17.11.2025, திங்கள்
சங்கரன்கோவில்

அன்புள்ள கலை அக்கா,

முதல்முறையாக உங்களுக்குத் தபால் தலை ஒட்டி எழுதுகிறேன். ரேஷன் கடைக்குப் போகும்போது பெட்டியில் போட்டுவிடுவேன். நீங்கள் பதில் எழுத வேண்டாம். எங்கள் தெருத் தபாலெல்லாம் அண்ணனின் சிமெண்ட் கடைக்குத்தான் வரும், பிரித்துத்தான் கொடுப்பான்.

அந்த வியாழக்கிழமை காலை நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “யார்டி நீ?” என்று கேட்டதை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வருகிறது. இவ்வளவு நாள் என் தலையணையில் படுத்தவர் கேட்கிற கேள்வியா? கடிதத்தைப் படித்து நான் உங்களை நல்ல உயரமாக நினைத்து வைத்திருந்தேன். கட்டிலில் உட்கார்ந்தால் உங்களுக்குக் கால் தரையில் எட்டவில்லை. “வேலைக்குப் போவலையா?” என்றீர்கள். “புடிச்சிக்கிடுதேன், அறுங்க” என்றேன். அதற்குப் பிறகு நாம் அதிகம் பேசவில்லை.

பிடித்துக்கொண்டிருந்தபோது நான் உங்கள் விரல்களை மட்டும் பார்த்தேன். முதலில் தோல், அப்புறம் பை. பிரிந்த ஜவ்வரிசிப் பொட்டலம் மாதிரி தெர்மோகோல் வெள்ளையாக வெளியே வந்துகொண்டே இருந்தது. முதலில் பையைத் தனியாகத் தைத்தீர்கள், பிறகு தோலை. கட்டுப் போட்ட விரலோடு அவ்வளவு சின்னத் தையல். குஞ்சு என் கையில் துள்ளவில்லை அக்கா.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நான் கை கழுவக் குழாய்க்குப் போனேனே, அங்கே வார்டன் நின்றிருந்தார். பேருந்தில் ஏறாதவள் யார் என்று தேடி வந்திருக்கிறார். என் நைட்டி முழுக்க ரத்தம். “என்னம்மா இது?” என்றார். வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். குஞ்சு என்று சொன்னால் அந்த நிமிடமே அறையைத் திறப்பார்கள், உள்ளே பிளேடோடு நீங்கள் இருக்கிறீர்கள். அவர் அண்ணனுக்குப் போன் செய்து, அவளுக்கு வயிற்று வலி, நைட்டியெல்லாம் ரத்தம், நீங்களே வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் என்ன நினைத்தான் என்று நான் எழுத வேண்டியதில்லை. மறுநாள் விடியும்போது ஹாஸ்டல் வாசலில் நின்றான். ஊர் வந்து சேரும்வரை தண்ணீர் பாட்டிலை மட்டும் அவ்வப்போது நீட்டினான்.

வீட்டுக்கு வந்த பிறகு உண்மையைச் சொன்னேன். கோழிக்குஞ்சு என்றேன். “கதை நல்லாத்தான் இருக்கு” என்றான். அம்மா என்னைத் தனியாக ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்ன பிறகும் அம்மா என் முகத்தைப் பார்க்காமல்தான் சோறு போடுகிறாள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் பையைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். வாசல் கேட் வரை போனாலும், “எங்கட்டி?” என்று ஒரு குரல் வருகிறது.

வருத்தம் ஒன்றுதான். அது பிழைத்ததா என்று தெரியவில்லை. பதில் எழுத வேண்டாம் என்று நானே எழுதிவிட்டு இதைக் கேட்கிறேன்.

தென்றல்

22.11.2025, சனி
வாலாஜாபாத்

தென்றல்,

பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். முதல் பக்கம் உனக்கு இல்லை.

தளவாய் தம்பிக்கு,

இதை நீங்கள்தான் முதலில் பிரிப்பீர்கள் என்று தெரியும். என் பெயர் கலைமதி. உங்கள் தங்கை படுத்த கட்டிலில் பகலில் படுப்பவள் நான். நவம்பர் ஆறாம் தேதி காலை அவள் நைட்டியில் இருந்தது கோழி ரத்தம். கொஞ்சம் என் விரல் ரத்தமும் இருந்திருக்கும். அறுத்தது நான், பிடித்தது அவள். வார்டனிடம் அவள் பொய் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக. நான் உள்ளே உட்கார்ந்து தையல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. எழுந்து வரவில்லை. வந்திருந்தால் உங்களுக்கு அந்தப் போன் வந்திருக்காது.

இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். குஞ்சின் மார்பில் பச்சைத் தையல் தெரியும். அந்த நூல் உங்கள் தங்கையின் பச்சை ஷாலிலிருந்து நான் உருவியது. ஷால் வீட்டில்தான் இருக்கும். ஒரு ஓரம் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வார்டன் நம்பர் உங்களிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் இருப்பதை நீங்கள் அவரிடம் சொன்னால் நான் அந்த ஹாஸ்டலில் இருக்க மாட்டேன். சொன்னாலும் பரவாயில்லை என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை, பையன் இருக்கிறான். சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஆனால் அதற்குப் பயந்து இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அவள் பேருந்துக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது ஒரு கோழிக்குஞ்சுக்காக. வேறு எதற்காகவும் இல்லை.

இனி உனக்கு.

பிழைத்துவிட்டது. அறுத்த அன்று சாயங்காலம் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துப் பேருந்தில் ஏறினேன். ஏறியதும் கத்தியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “இன்னா மேடம், டிபன் பாக்ஸ் கூவுது?” என்றார். பேருந்தே சிரித்தது. ஆனால் தண்டலத்தில் நிறுத்தினார். நான் போன் செய்திருந்ததால் சின்னப்பொண்ணு குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பையைத் திறந்து தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “யாரு புட்ச்சிகினது?” என்றார். சொன்னேன். “நல்லா புட்ச்சிகீது” என்றார். அந்த வாரச் சனிக்கிழமை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். ஒரு நாள் தண்ணீர், அப்புறம் முட்டையின் மஞ்சள் கரு, அப்புறம் கஞ்சி. இப்போது அரிசி தின்கிறது. நிலவனின் பின்னால் சுற்றுகிறது.

ஒரே ஒரு கஷ்டம். இருட்டினால் மற்ற கோழிகள் கூடைக்குள் போகின்றன. இது போவதில்லை. பிடித்து அடைத்தால் அலறுகிறது.

உன் இடத்தில் இன்னும் யாரையும் போடவில்லை. காலையில் வந்து படுத்தால் தலையணை குளிர்ந்து கிடக்கிறது.

கலைமதி

28.11.2025, வெள்ளி
சங்கரன்கோவில்

அன்புள்ள கலை அக்கா,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. மதியம் அண்ணன் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தான். அந்த நேரத்துக்கு வருகிறவன் இல்லை. “அந்தப் பச்சை ஷாலை எடு” என்றான். பரணில் பைக்குள் இருக்கிறது என்றேன். அவனே ஏறி எடுத்தான். வெளிச்சத்தில் விரித்து நான்கு ஓரத்தையும் பார்த்தான். பிரிந்த ஓரத்தை விரலில் சுற்றிப் பார்த்தான்.

“ஏட்டி, ஒரு கோழிக்குஞ்சுக்கா இம்புட்டும்?”

“ஆமா.”

“மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?”

“சொன்னேன்லா.”

அவன் போட்டோவை அம்மாவிடம் நீட்டினான். அம்மா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. ராத்திரி என் தட்டில் சோறு போட்டபோது என் முகத்தைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் வைக்கவா?” என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன் அக்கா.

வார்டனுக்கு அவன் போன் செய்யவில்லை. நேற்று அவனாகவே கேட்டுவிட்டான், “அந்த அக்காவுக்கு வேலைக்கு ஒண்ணும் ஆவலையே?” என்று.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். போன் இன்னும் அவன் சட்டைப் பையில் இருக்கிறது. என்னை வேலைக்கு அனுப்புவானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஷாலை எடுக்க இறக்கிய பையை யாரும் திரும்பப் பரணில் ஏற்றவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நானும் அதைத் தொடவில்லை.

இந்தக் கடிதத்துக்குக் கவரும் தபால் தலையும் அவன்தான் வாங்கி வந்தான். “எழுதிட்டு ஒட்டாமக் குடு” என்றான். அதனால் இதையும் அவன் படித்துவிட்டுத்தான் உங்களுக்கு வரும்.

ரீவொர்க்கைக் கூடையில் போட்டு அடைக்காதீர்கள். அது பெட்டிக்குள் இருந்து வந்தது. நிலவனிடம் சொல்லுங்கள், சுவரோரமாக ஒரு கம்பைச் சாய்த்து வைத்தால் போதும். இருட்டினால் எங்கே அடைய வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

தலையணையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் இடத்துக்கு யாராவது வந்தால் அவள் தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். யாரும் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

தென்றல்

அண்ணா, இதுவரை படித்துவிட்டாய் என்றால் கவரை ஒட்டி இன்றைக்கே போட்டுவிடு. நாளைக்கு என்றால் மறந்துவிடுவாய். அப்புறம் ரீவொர்க்கைக் கூடையில் அடைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறேனே, அதை இன்னொரு தரம் படி.